குழந்தைகளின் அறிவியல் கேள்விகளுக்கு விடை சொல்வது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள் இயற்கையைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது, பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "பெரிய வகுப்புக்குப் போனா டீச்சர் சொல்லித் தருவாங்க" என்று ஒத்திப்போடுகிறார்கள். இல்லையென்றால் கைபேசியில் தேடி, முதலில் வரும் பத்தியை அப்படியே படித்துக் காட்டுகிறார்கள். ஒத்திப்போட்ட கேள்வியைக் குழந்தை மறுபடி கேட்பதில்லை. படித்துக் காட்டிய பத்தியிலோ, கேட்டதைவிடக் கடினமான நான்கு சொற்கள் விடையாக வந்து நிற்கின்றன. கேள்வியை முதலில் சரியாகக் காதில் வாங்கி, அடுத்ததாகக் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய ஒன்றைக் காட்டி, அதன் பிறகே வாயால் விளக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதையே இங்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதற்கெனத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வளவின் நடுவே வானம் தெரியும் முற்றம், வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், தெருக்கோடியில் ஊருணி, ஊருக்கு வெளியே கண்மாய், செம்மண் பொட்டல், மிளகும் மிளகாயும் மணக்கும் அடுப்படி ஆகிய எல்லாமே கேள்வியைக் கிளப்புகின்றன. விடையையும் அவற்றிலேயே பெரும்பாலும் தேடிக்கொள்ளலாம்.

முதல் படி: என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தை வாயால் கேட்பதும் மனத்தில் நினைப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. "மழை எங்கே போகுது?" என்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து வயதுக் குழந்தை கேட்டால், நீர்ச்சுழற்சியை விளக்கத் தொடங்கிவிடுவோம். அது கேட்டதோ, முற்றத்து மூலையில் உள்ள துவாரத்துக்குள் இறங்கும் தண்ணீர் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதாக இருக்கலாம். ஆகவே விடை சொல்லும் முன், "எதைப் பார்த்துட்டு கேக்குறே, ஆத்தா?" என்று ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். மழை நின்றதும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் வாய்க்காலில் சேரும் இடத்தையும், அந்த வாய்க்கால் ஊருணிக்குப் போகிறதா என்பதையும் சேர்ந்தே பாருங்கள். நீர்ச்சுழற்சியைச் சில ஆண்டுகள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இரவில் காரில் ஊர் திரும்பும்போது, "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்காத குழந்தை அரிது. நிலா நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நாம் பத்து இருபது கிலோமீட்டர் நகர்ந்தாலும் அது தெரியும் திசை மாறுவதில்லை. சாலையோரப் புளியமரம் மிக அருகில் இருப்பதால் நொடியில் பின்னால் போய்விடுகிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்து காட்டுவது எளிது. வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகளை எதிரெதிர்த் திசையில் நடக்கவிட்டு, நிலா யாருடன் வந்தது என்று கேளுங்கள். இருவருமே "என் கூடத்தான்" என்பார்கள். அது இருவருடனும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்ற குழப்பம் வந்துவிட்டால், தொலைவைப் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: "நீ என்ன நினைக்கிறே?"

குழந்தையின் ஊகத்தை முழுதாகக் கேளுங்கள். தவறாக இருந்தால் உடனே திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அந்த ஊகம்தான் அடுத்த படியில் சோதித்துப் பார்க்கப்போகும் கருத்து என்பதால், ஒரு நோட்டில் அதன் சொற்களிலேயே தேதியுடன் எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: கண்ணுக்கு முன்னால் காட்டுங்கள்

இதுவே முக்கியமான படி என்பதால் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்ப்போம். மார்கழிக் காலையில் எழுந்து வரும் பிள்ளை, "அப்பத்தா, தரை மட்டும் ஏன் ஜில்லுன்னு இருக்கு? பாய் இல்லையே?" என்று கேட்கிறது. என்ன நினைக்கிறாய் என்றால், "கல்லுக்குள்ள குளிர் இருக்கு, பாய்க்குள்ள சூடு இருக்கு" என்கிறது. ஊகம் தவறுதான். ஆனாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது, ஆகவே அதைச் சோதிக்க முடியும்.

முந்தைய இரவே இரும்புத் தோசைக்கல் ஒன்றையும் தடித்த மரப்பலகை ஒன்றையும் அடுப்படியை விட்டுத் தள்ளி, வெயிலோ விசிறிக் காற்றோ படாத ஓர் அறையில் அருகருகே வைத்துவிடுங்கள். ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த இரண்டும் காலையில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். பிள்ளையை இரண்டின் மேலும் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். தோசைக்கல் குளிர்கிறது, பலகை குளிரவில்லை என்று சொல்லும். பிறகு குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, எதன் மேல் வைத்தால் சீக்கிரம் உருகும் என்று கேளுங்கள். பலகைக்குள் சூடு இருப்பதாக நம்பும் பிள்ளை பலகை என்றே சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள். தோசைக்கல்லின் மேல் வைத்த கட்டி வைத்தவுடனேயே நனைந்து வழுக்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் தண்ணீராகிவிடும். பலகையின் மேல் உள்ளது கூர் மழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்தில் பெரியவர் பேசாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் பனி ஏன் முதலில் உருகியது என்பதைப் பிள்ளையே சற்று நேரம் யோசிக்கட்டும். அது "ஏன்?" என்று உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்: வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும், இரும்பின் வழியாக அது விரைவாகப் போகும், மரத்தின் வழியாக மெதுவாகவே போகும். உன் கை தோசைக்கல்லைவிடச் சூடானது. ஆகவே கையின் வெப்பத்தைக் கல் விரைந்து வாங்கிக்கொண்டது, உனக்குக் குளிர்ந்தது. பனிக்கட்டி கல்லைவிடக் குளிர்ந்தது. ஆகவே கல் தன் வெப்பத்தை விரைந்து கொடுத்தது, பனி உருகியது. தரையும் அப்படியே. சிமெண்டும் மணலும் நிறக்கலவையும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் ஆத்தங்குடிக் கல், இரும்பளவு விரைவாக இல்லாவிட்டாலும் கோரைப்பாயைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. பாயின் கோரைகளுக்கிடையே தங்கியுள்ள காற்று வெப்பத்தை எளிதில் விடுவதில்லை.

இதைச் சித்திரை நடுப்பகலில் செய்ய வேண்டாம். அறையின் வெப்பமும் தோலின் வெப்பமும் நெருங்கிவிட்டால் கைக்கு வேறுபாடு தெரியாது, பிள்ளையும் சோதனை தோற்றுவிட்டதாக எண்ணிவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால், ஏன் வேறுபாடு தெரியவில்லை என்பதையே அடுத்த கேள்வியாக அதனிடம் விடலாம்.

எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு தேவைப்படாது. மின்னலுக்குப் பிறகு இடி ஏன் தாமதமாக வருகிறது என்றால், ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது, ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது என்று சொல்லி, கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் போதும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று பிள்ளையே சொல்லிவிடும். முதல் மழையின் மண்வாசனைக்கு இன்னும் எளிது: செம்மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியமானது. காய்ந்த மண்ணை ஒரு தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்து முகரச் சொன்னால், மணம் மேகத்திலிருந்து வரவில்லை என்பது உடனே விளங்கிவிடும்.

நான்காம் படி: சொல்வது குறைவாக இருக்கட்டும், பொய்யாக இருக்க வேண்டாம்

சிறு குழந்தைக்கு முழு விடையும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் இன்று சொல்லும் சிறிய விடை நாளைக்கு வளரக்கூடியதாக இருக்க வேண்டுமே தவிர, பத்தாம் வகுப்பில் அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாக இருக்கக் கூடாது. தொண்டிக் கடற்கரையில் "கடல் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்கும் பிள்ளையிடம், வானத்தின் நிறம் அதில் தெரிகிறது என்று சொல்லி முடித்துவிடுவது பரவலான வழக்கம். அறிஞர்களும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணினார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது இந்த விடையில் நிறைவு கொள்ளாமல், பிரதிபலித்து வரும் ஒளியை வடிகட்டக்கூடிய நிகோல் பட்டகம் ஒன்றின் வழியே பார்த்து நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே தெரிந்தது. ஒளியைத் தண்ணீரே சிதறடிப்பதைப் பற்றி அங்கிருந்து தொடங்கிய ஆய்வுதான் 1928-இல் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் அவரைக் கொண்டு சென்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, "வெயில்ல எல்லா நிறமும் இருக்கு, ஆழமான தண்ணி சிவப்பை எடுத்துக்கிடும், நீலத்தைத் திருப்பி அனுப்பும்" என்பது போதும். அது சிறியதுதான், ஆனால் பின்னால் அழிக்க வேண்டியிராது.

"ஏன்" என்று குழந்தை கேட்பதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கும்: இது எப்படி நடக்கிறது என்பது ஒன்று, இதனால் யாருக்கு என்ன பயன் என்பது மற்றொன்று. நம் ஊர்ச் சாப்பாட்டில் அடிக்கடி எழும் கேள்வியையே பார்ப்போம். "மிளகாய் ஏன் எரியுது?" என்பதற்கு முதல் விடை, அதில் உள்ள கேப்சைசின் என்ற பொருள். சூட்டை உணர்வதற்கென்று நம் நாக்கில் உள்ள நரம்பு முனைகளை அது தூண்டிவிடுவதால், உண்மையில் எதுவும் சுடாதபோதே சுட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது. நரம்பு முனைகளில் சூட்டை உணரும் அந்த உணர்வியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே உப்புக்கறி சாப்பிட்டு நாக்கு எரிகிற பிள்ளைக்குத் தண்ணீரை ஒருமுறையும் கெட்டித் தயிரை ஒருமுறையும் கொடுத்து எது உதவியது என்று அதையே சொல்லச் சொல்லலாம்.

இதோடு நிற்காமல், "கிளி மட்டும் எப்படித் திங்குது?" என்று கேட்கும் பிள்ளைதான் இரண்டாவது கேள்வியைத் தொட்டுவிட்டது. பறவைகளின் உணர்வி கேப்சைசினுக்கு அசையாது. பாலூட்டிகளின் கடைவாய்ப்பல் விதையை அரைத்துவிடுகிறது. பறவைகளில் பல விதையைச் சேதமின்றி விழுங்கி, வேறிடத்தில் எச்சத்தோடு போட்டுவிடுகின்றன. காரமான காய்களை விலங்குகள் விட்டுவிட்டுப் பறவைகள் தின்றதால், அந்தச் செடிகளின் விதைகள் கூடுதலாகப் பரவின. இதையே "பறவைக்கு மட்டும் கொடுக்கணும்னு செடி காரத்தை வச்சுக்கிச்சு" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செடி திட்டம் போட்டதாக ஒரு பிழையைப் பிள்ளையின் மனத்தில் நட்டுவிடும். "எந்தச் செடியோட விதை நல்லாப் பரவுச்சோ, அந்த மாதிரிச் செடிதான் நிறைய மிஞ்சிச்சு" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு வரிதான் கூடுதல், ஆனால் பரிணாமம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எடுத்தெறிந்து பேசாதீர்கள்

ஐயா ஒன்று சொல்லியிருப்பார், பாடப்புத்தகம் வேறொன்று சொல்லும். பிள்ளையின் முன்னால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, சோதிக்கக்கூடியதைச் சோதித்துப் பாருங்கள். பெரியவர்கள் சொன்னவற்றில் நிற்பவையும் உண்டு. ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போடச் சொல்வார்கள். ஒரே கலங்கல் தண்ணீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் எடுத்து, சொரசொரப்பான கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உரைத்த கொட்டைச் சாற்றை ஒன்றில் மட்டும் கலக்கி, இரண்டையும் அசையாமல் வையுங்கள். சாறு விட்ட தம்ளரில் மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படிவதையும், மற்றதில் நீண்ட நேரம் மிதந்துகொண்டிருப்பதையும் பிள்ளை பார்க்கும். நுண்ணிய களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையின் சாறு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பாம்பு பால் குடிக்கும் என்பது போன்றவை நிற்காது. பால் பாம்பின் உணவன்று. தாகத்தில் தவிக்கும் பாம்பு கிடைத்த திரவத்தை உறிஞ்சக்கூடும், அவ்வளவே. இதைச் சொல்லும்போது, "அந்தக் காலத்துல பார்த்தவங்க அப்படி நினைச்சாங்க; அப்புறம் கவனிச்சுப் பார்த்தவங்க இப்படிக் கண்டுபிடிச்சாங்க" என்று சொன்னால் அப்பத்தாவின் மரியாதையும் குறையாது, உண்மையும் குறையாது.

ஆறாம் படி: தெரியாதபோது

"எனக்குத் தெரியலை" என்பதும் "இன்னும் யாருக்குமே முழுசாத் தெரியலை" என்பதும் வெவ்வேறு விடைகள். எது எந்த வகை என்று பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். இதற்குத் திருப்பத்தூர் அருகில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. 1977-இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் பறவைகள் கூட்டமாக வருகின்றன. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே நத்தைகுத்தி நாரையைப் பார்க்கும் பிள்ளை, அதன் அலகு நடுவில் ஏன் மூடாமல் இடைவெளியோடு இருக்கிறது என்று கேட்கும். நத்தையைக் கையாள்வதற்கு அந்த அமைப்பு உதவுகிறது என்பதும், குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், வனத்துறையினரிடமோ நல்ல பறவைக் கையேட்டிலோ தெரிந்துகொள்ளலாம். ஆனால் நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள் எப்படி வழி தப்பாமல் வருகின்றன என்று கேட்டால், சூரியனையும் விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் அவை பயன்படுத்துகின்றன என்பது வரை சொல்லிவிட்டு, காந்தப்புலத்தை உடலின் எந்தப் பகுதி எவ்வாறு உணர்கிறது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். தன் கேள்வி ஆராய்ச்சியாளர்களின் கேள்வியும்தான் என்று அறியும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், தெரியாது என்று சொல்ல ஏன் தயங்கினோம் என்று தோன்றும்.

துரு, பேட்டரி, முலாம் பூசுதல் பற்றிய கேள்விகளுக்குக் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அதன் வாசல் வழியே நாள்தோறும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, உள்ளே என்ன ஆராய்கிறார்கள் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும். மாணவர்களுக்கெனத் திறந்துவிடும் நாள் எது என்று பள்ளி வழியாகக் கேட்டு அழைத்துச் செல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றி

இடி மின்னலின்போது பிள்ளைகளைத் திறந்த முற்றத்தில் நிற்க விடாதீர்கள்; மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் உள்ளேதான் இருக்க வேண்டும். சுவர் ஏன் பளபளக்கிறது என்ற கேள்வி சுண்ணாம்பில் கொண்டுபோய் விடும். நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகுகிறது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் இரவு முழுதும் திறந்து வைத்தால் மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிவதில் அதைப் பார்க்கலாம். ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்தான் கையாள வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விடுவதைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யவே கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும்.

ஏழாம் படி: நோட்டைத் திரும்ப எடுங்கள்

ஊகங்களை எழுதிய நோட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளையோடு உட்கார்ந்து புரட்டுங்கள். பழைய விடை இப்போது போதுமானதாக இருக்காது. தரை குளிர்வதற்கு ஏழு வயதில் சொன்னதோடு, பத்து வயதில் வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதைச் சேர்க்கலாம். விடை கிடைக்காத கேள்விகளுக்கென்று கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். காத்திருந்து பார்க்க வேண்டியவற்றையும் அங்கேயே குறித்து வையுங்கள். 2019 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை, திருச்சி வழியாகச் சென்ற, சூரியன் வளையமாகத் தெரியும் கங்கணச் சூரிய கிரகணத்தைப் பார்க்காத வயதுப் பிள்ளைகளுக்கு, தென்தமிழகத்தில் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று நண்பகல் வேளையில் வருகிறது. அன்று வெறுங்கண்ணாலோ கறுப்புக் கண்ணாடியாலோ சூரியனைப் பார்க்கவிடாமல், முற்றத்து வெயிலில் ஒரு ஜல்லிக்கரண்டியைத் தரைக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். கரண்டியின் ஒவ்வொரு துளையும் ஒரு பிறைச் சூரியனைத் தரையில் விழச் செய்யும். துளை வட்டமாக இருக்கும்போது வெளிச்சம் மட்டும் ஏன் பிறையாக விழுகிறது என்று அப்போது கேட்பார்கள். அதற்கான ஒத்திகையை எந்த வெயில் நாளிலும் செய்யலாம்: அட்டையில் சதுரமாகச் சிறு துளையிட்டுச் சூரிய ஒளியைச் சில அடி தள்ளி விழச் செய்தால், வெளிச்சம் வட்டமாகவே விழும்.